இன்னும் ரெண்டு வருஷம்தான்!

தில்லியில் இருக்கும் நம்மவர் ஒருவரிடம், "இங்கே வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு வருஷம்தான், அப்புறம் ஊரோடயே போயிடப் போறோம்" என்று பதில் வரும். ஐந்து வருடம் கழித்து அவரையே மறுபடி கேளுங்கள். பதினொன்று பதினாறாகியிருக்கும். அந்த "இன்னும் ரெண்டு வருஷம்தான்" மட்டும் அப்படியே இருக்கும்!

1991-இல் என் கணவருக்கு மாற்றலாகி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து வந்து இறங்கியவள் நான். அன்றிலிருந்து இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை என்ன என்று நாம் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அதைப் பற்றித்தான் வாசகர்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

புது வீட்டுக்கு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடி போகிறோம். குடி போவது ஒரு நாள் வேலை. குடியேறுவது அப்படியல்ல. அது மனது செய்ய வேண்டிய காரியம். நம்மில் பலர் முதல் காரியத்தை முடித்துவிட்டு இரண்டாவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ரயில் நிலைய வெயிட்டிங் ரூமில் பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் போல வருடக்கணக்கில் இருக்கிறோம்.

பரணில் இருக்கும் பெட்டி

மாற்றலாகி வந்த ஒரு வீட்டுக்குப் போனால் எனக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பரணில் லாரிக்காரன் கட்டிய கயிறோடு இரண்டு அட்டைப்பெட்டிகள் இருக்கும். "அதுல என்ன இருக்கு?" என்றால், "கொலு பொம்மை, நல்ல பாத்திரம் எல்லாம். திரும்பப் போகும்போது மறுபடி கட்டணுமே என்று பிரிக்கவில்லை" என்பார்கள். சுவரில் ஓர் ஆணி இருக்காது. ஜன்னலுக்குப் பழைய வேட்டி திரைச்சீலையாகத் தொங்கும். நல்ல கட்டில் "ஊரில் வீடு கட்டின பிறகு" வாங்கப்படும். அதுவரை குழந்தைகள் மடக்குக் கட்டிலில் படுத்தே வளர்ந்துவிடுவார்கள்.

இது சிக்கனம் அல்ல. சிக்கனமாக இருக்கிறவர்களும் இருக்கிற பாத்திரத்தில் நன்றாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். இது வாழ்க்கையை ஒத்திப் போடுவது.

விலையைக் கொடுப்பது யார் என்று பாருங்கள். வீட்டுக்காரருக்கு அலுவலகம் இருக்கிறது. அங்கே பேச ஆள் இருக்கிறது, பதவிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு நான்கு சுவரும் ஒரு கைபேசியும்தான். புதிதாக வந்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "மாமி, நாலு மாசமா வீட்டுக்காரர், குழந்தை, ஃபோன்ல அம்மா, இந்த மூணு பேரைத் தவிர நான் யார்கிட்டயும் பேசலை." அவள் படித்த பெண், ஊரில் வேலை பார்த்தவள். "இன்னும் ரெண்டு வருஷம்தானே, எதுக்கு வேலை தேடணும்?" என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அந்த இரண்டு வருடம் ஆறு வருடமான பிறகு வேலை தேடினால் எந்த அலுவலகம் கூப்பிடும்?

குழந்தைகள் கதை வேறு. தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறக்கிறது. இங்கே ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடுகிறது. மே மாதம் அங்கே பரீட்சை விடுமுறை முடிந்து சாமான் கட்டிக்கொண்டு வருகிறவர்களின் பிள்ளை, ஜூலையில் வகுப்பில் போய் உட்காரும்போது ஏற்கெனவே பல பாடங்கள் முடிந்திருக்கும். அதோடு இந்தி. அந்தக் குழந்தை தடுமாறும்போது, "கவலைப்படாதே, நாம்தான் ஊருக்குப் போயிடுவோமே" என்று ஆறுதல் சொல்கிறோம். அதன் பொருள் என்ன? "இந்த வகுப்பும் இந்த நண்பர்களும் உனக்குக் கணக்கில் இல்லை" என்பதுதான். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பெரியவர்களுக்கு மூன்றே வருடம். பிள்ளைக்கு அதுதான் பால்யம். அதைத் திருப்பித் தர முடியாது.

முதல் குளிர்காலம்

குடியேறுவது சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. மே மாதம் "லூ" என்ற அனல்காற்று முகத்தில் அறையும். டிசம்பர், ஜனவரியில் காலை வெப்பம் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும். குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் துவரம்பருப்பு எத்தனை விசில் வந்தாலும் வேகாது. வீட்டு ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஏறுமோ, காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் வேறு.

இதில் நம் பெண்களை அழ வைப்பது இட்லி மாவு. ஊரில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழியும் மாவு, இங்கே ஜனவரியில் இரண்டு நாளானாலும் அசையாது. எனக்குக் கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள், தன் வீட்டில் தயிர் உறைய வைக்கும் முறையைக் காட்டித்தான் வழி சொன்னார். பாத்திரத்தைப் பழைய ரஜாயில் சுற்றி, சமையலறை மூலையில் வைக்க வேண்டும். அதோடு நம் ஊர் அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டேன். உளுந்தோடு கொஞ்சம் வெந்தயம், வெதுவெதுப்பான தண்ணீர், கையால் நன்றாகக் கலப்பது. எட்டு மணி நேரத்துக்குப் பதில் பதினெட்டு, இருபது மணி நேரம் பொறுத்தால் மாவு பொங்கும். துவரம்பருப்புக்குக் குடிக்கிற தண்ணீரை ஊற்றினால் வேகும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊரை அறிந்துகொள்வது என்பது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. இதைக் கற்றுக்கொடுப்பவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அவர்களோடு பேச இரண்டு வார்த்தை வேண்டும்.

இங்கே ஒரு தயக்கம் வரும். "இந்தியா? நாம் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு மொழியை ஒரு மாநிலத்தின் மேல் திணிக்கலாமா என்பது அரசியல் கேள்வி. அதில் நான் தமிழ்நாட்டின் பக்கம்தான். ஆனால் காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசுவதும், மாடி வீட்டு அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதும் அரசியல் அல்ல. நாம் வந்து இறங்கிய ஊரின் பேச்சு அது. கல்கத்தாவுக்குப் போனால் வங்காளம், புனேவுக்குப் போனால் மராத்தி. ஆண்பால் பெண்பால் தப்பாக வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிரிப்பார்கள், திருத்துவார்கள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் சிநேகம் தொடங்குகிறது.

பண்டிகைகளும் கை கொடுக்கும். நம் போகியும் இவர்களுடைய லோஹ்ரியும் பெரும்பாலும் ஒரே நாளில் வருகின்றன. நாம் விடியற்காலையில் நெருப்பு மூட்டுகிறோம், அவர்கள் மாலையில். நவராத்திரி அஷ்டமியன்று பக்கத்து வீடுகளில் சின்னப் பெண் குழந்தைகளை அழைத்துக் கால் கழுவி, பூரியும் அல்வாவும் கொடுப்பார்கள். அதே ஒன்பது நாளில் நம் வீட்டில் கொலு. பரணில் இருக்கும் பொம்மைப் பெட்டியைப் பிரித்து ஐந்து படி வைத்தால் போதும், மாடி முழுதும் சுண்டலுக்கு வந்து நிற்கும். பெட்டி மேலே இருந்தால் நவராத்திரியும் மேலேயேதான் இருக்கும்!

பெயர் எங்கே இருக்கிறது?

மனதில் குடியேறுவது ஒரு பாதி. காகிதத்தில் குடியேறுவது மறு பாதி. இதில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இருபது வருடம் தில்லியில் இருந்தும் வாக்காளர் பட்டியலில் பெயரை ஊரிலேயே வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! "ஊரில் ஓட்டு இருந்தால்தான் வீடு நிலத்துக்குப் பாதுகாப்பு" என்பார்கள். நிலத்துக்குப் பாதுகாப்பு பத்திரமும் பட்டாவும். வாக்காளர் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1950-ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும். ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே அந்த ஊரில் வசிப்பவராகிவிட முடியாது. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கவும் கூடாது. வீடு மாறியவர்கள் இப்போது படிவம் 8-ஐ நிரப்பிக் கொடுத்தால் போதும். 2022 ஆகஸ்டிலிருந்து இதுதான் முறை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வெளியூரில் இருக்கும் எத்தனை குடும்பங்கள் பதறிப்போய் ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டன என்று நாம் பார்த்தோம். ஊரில் வசிக்கவில்லை, வசிக்கும் ஊரில் பெயர் இல்லை. இப்படி இரண்டு பக்கமும் இல்லாமல் போவதற்கா இவ்வளவு பாடு?

ஓட்டுப் போடுவதோடு இது முடிவதில்லை. ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் மதராஸி கேம்ப் என்ற குடியிருப்பு இருந்தது நம் எல்லோருக்கும் தெரியும். பல பத்தாண்டுகளாக நம் தமிழ் மக்கள், வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த இடம். நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1-ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று முடிவாயிற்று. தில்லியின் 2015-ஆம் வருடத்து மறுவாழ்வுக் கொள்கைப்படி, தகுதிக்கு வேண்டிய நிபந்தனைகளில் ஒன்று, குறிப்பிட்ட வருடங்களின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது. பட்டியலில் ஒரு வரி, ஒரு குடும்பத்துக்குக் கூரையாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த மக்களுக்கு நேர்ந்தது நியாயமா என்பது பெரிய கேள்வி. ஆனால் நம் பெயர் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கும் காரியம்.

மற்ற காகிதங்களும் அப்படித்தான். தகுதியுள்ள ரேஷன் அட்டை இருப்பவர்கள் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தங்களுக்குரிய தானியத்தை இங்கேயே வாங்கலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த காரோ ஸ்கூட்டரோ 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் இங்கே பதிவை மாற்ற வேண்டும் என்பது சட்டம். ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒவ்வொரு காகிதமும், "நான் இங்கே வசிக்கிறேன்" என்று நாம் போடும் கையெழுத்து.

தமிழ் போய்விடுமா?

இவ்வளவும் சொன்னால் ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார்: "இப்படி எல்லோரும் வேர் விட்டால் நம் தமிழ் என்னம்மா ஆவது? ஊருக்குப் போகிற எண்ணம் இருந்தால்தானே பிள்ளைகளுக்கு ஊரும் மொழியும் நினைவிருக்கும்?"

நியாயமான கேள்வி. என் பதில் இதற்கு நேர்மாறானது. தில்லியில் தமிழைக் காப்பாற்றியவர்கள் பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு இருந்தவர்கள் அல்லர். இது நம் ஊர் என்று இறங்கியவர்கள்தான்.

வரலாற்றைப் பாருங்கள். நாடு விடுதலை அடைவதற்கு முந்தைய வருடம், 1946-இல், தில்லித் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பட்டது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. ஆர்.கே. புரம் குன்றின் மேல் சுவாமிநாத சுவாமிக்குக் கோயில் கட்டி 1973-இல் குடமுழுக்கு செய்தார்கள். "இன்னும் இரண்டு வருடத்தில் போகப் போகிறோம்" என்று நினைப்பவர் கருங்கல்லில் கோயில் கட்டுவாரா? பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்ட வாசல் வாசலாக ஏறுவாரா? தமிழ்நாட்டு எழுத்தாளர்களெல்லாம் தேடிப் படித்த "கணையாழி" பத்திரிகையை கி. கஸ்தூரி ரங்கன் 1965-இல் தொடங்கியதும் இந்தத் தில்லியிலிருந்துதான். பம்பாயில் 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அப்படி வேர் விட்டவர்களின் வேலையே.

ஊருக்குப் போகப் போகிறோம் என்று காத்திருக்கும் வீட்டிலோ, "அங்கே போனால் தமிழ் தானாக வந்துவிடும்" என்று பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொடுப்பதும் தள்ளிப் போகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் பாட்டியோடு தமிழில் பேசுவான், அவள் எழுதிய வாழ்த்து அட்டையைப் படிக்கத் தெரியாது. இங்கேயேதான் இருக்கப் போகிறோம் என்று தெரிந்த வீட்டில், தமிழை நாமே கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். பள்ளி அருகில் இருந்தால் பள்ளி. இல்லாவிட்டால் 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இருக்கின்றன. தினம் அரை மணி நேரம் தாயோ தந்தையோ கூட உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் ஊருக்கே போகிறவர்களும் உண்டு. போகட்டும், நல்லதுதான். முழுதாக வாழ்ந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இரண்டு ஊர் கிடைக்கும். காத்திருந்தே காலத்தைக் கழித்தவர்கள் போய் இறங்கும்போது, அங்கேயும் அவர்களுக்காக எதுவும் காத்திருக்காது. அவர்கள் விட்டு வந்த தெருவும் மனிதர்களும் மாறியிருப்பார்கள்.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

குடியேற வேண்டியது வந்தவர் கடமை என்றால், வழிகாட்ட வேண்டியது முன்னால் வந்த நம் கடமை. நம் சங்கங்கள் இசை விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகின்றன. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று வந்து இறங்கிய குடும்பம் தானாக வந்து உறுப்பினர் சீட்டு வாங்கும் வரை நாம் காத்திருக்கிறோம். புது ஊரில் முதல் மாதம் யார் சங்கத்தைத் தேடி வருவார்கள்? என் யோசனைகள் இவை.

ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு குடும்பங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளலாம். புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்தால் முதல் வாரத்திலேயே ஒரு வேளைச் சாப்பாட்டோடு போய்ப் பார்க்க வேண்டும். பேச்சு வீட்டுக்காரரோடு முடிந்துவிடக் கூடாது, வீட்டுப் பெண்ணின் தொலைபேசி எண்ணைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாலு பக்கத்தில் ஒரு கையேடு போடலாம். புழுங்கலரிசியும் காப்பிப்பொடியும் எங்கே கிடைக்கும், பள்ளிச் சேர்க்கை எப்போது, படிவம் 8 எப்படி நிரப்புவது, குளிர்காலத்துக்கு என்ன வாங்க வேண்டும், அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, இவை போதும்.

வாரம் ஒரு மதியம் பெண்களுக்கு, பேச்சு வழக்கு இந்தி சொல்லிக்கொடுக்கலாம். இலக்கணம் வேண்டாம். கடை, ஆட்டோ, டாக்டர், பள்ளிக்கூட டீச்சர், இந்த நான்கு இடத்தில் பேசத் தெரிந்தால் போதும்.

கடைசியாக, நரேலா. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, வேலை செய்த வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் எட்டாத தூரத்தில், நம்மவர்கள் புதிதாகக் குடியேற வேண்டியிருக்கிறது. அவர்கள் விரும்பி மாறியவர்கள் அல்லர். "ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவோம்" என்று சொல்லிக்கொள்ளும் வசதியும் அவர்களுக்கு இல்லை. தில்லிதான் அவர்கள் ஊர். நம் மயூர் விஹாரிலும் ஆர்.கே. புரத்திலும் கொண்டாடும் பொங்கல், இந்த வருடம் ஒரு வேன் வைத்துக்கொண்டு அங்கேயும் போக வேண்டும். போகும்போது கரும்போடு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும், படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு இளைஞர்களும் கூடப் போகட்டும். வருகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன்.